துண்டுச்சீட்டு

கக்கதாசபுராவில் மூன்றாம் மாடி.
வீட்டுக்காரர் ஒருவருக்கு விட்டார்,
அந்த ஒருவர் எனக்கு உள்வாடகைக்கு விட்டார்.
கரண்ட் பில் இன்னும்
பெள்ளியப்பா என்பவர் பெயரில்தான் வருகிறது.

என் பிழைப்பும் இதே கணக்கு.
இயந்திரத்துக்குள் ஓர் இயந்திரம்,
அதற்குள் இன்னொன்று.
உள்ளே இருப்பது
தான் தரையில் நிற்பதாக நம்புகிறது.
அது நினைவில் ஒரு பக்கம் கேட்டால்
நடுவீட்டுக்காரன் ஓர் எண் சொல்வான்,
அடிவீட்டுக்காரன் அதையும் மாற்றி
உண்மையான எண்ணைத் தேடித் தருவான்.
ஒவ்வொரு தடவையும் இரண்டு மாடி இறங்க
யாருக்கு நேரம்?
துண்டுச்சீட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது சில்லு.

சீட்டு பொய்யாகும்வரை எல்லாம் வேகம்.

பதினோரு நாளாக
நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை
ஒரு டேட்டாபேஸ் செத்துப்போகிறது.
பிரணேஷ், ரேம் பழுது என்றான். மாற்றினோம். செத்தது.
சுமேரா, புதுக் கர்னல்தான் என்றாள்.
பழையதைப் போட்டோம்.
அதுவும் செத்தது, கொஞ்சம் நிதானமாக.
அடிக்கு அடி லாக் எழுதவைத்தேன்: பிழை வரவேயில்லை.
எடுத்தேன்: வந்தது.
விருந்தாளி முன்னால் மட்டும் அடங்கியிருக்கும் பிள்ளை.

வெளிவட்டச் சாலையில்
தண்ணீர் லாரிகள் மட்டும் ஓடும் இரண்டே முக்காலுக்குக்
கண்டேன்.
நடுவீட்டுக்காரன் கத்துகிறான்:
உள்ளே இருந்தவன் காலி பண்ணிவிட்டான், சீட்டைக் கிழி.
அடிவீட்டுக்காரன் கிழிக்கிறான்,
ரொம்ப விசுவாசமாக,
நடுவீட்டுக்காரனுடைய சீட்டை.
உள்ளே இருந்தவனுடையது அப்படியே கிடக்கிறது.
அந்த இடத்தில் இப்போது வேறொருவன் சமைக்கிறான்.
பழையவன் கதவைத் தட்டாமல் வந்து
உப்பு போட்டுவிட்டுப் போகிறான்.

திருத்தம் ஒரே வரி.
ஏன் என்ற விளக்கம் நாற்பது.
எல்லாச் சீட்டையும் கிழித்துவிட்டால் என்ன, என்றான் பிரணேஷ்.
கிழிக்கலாம்.
ஊரே மாடி இறங்கி ஏறும்.

இருபது மணி நேரம் ஓடவிட்டோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
அதுதான் செய்தி.
சுமேரா மட்டும் போய் மூன்று டீ வாங்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கூரியர் பையன்.
பெள்ளியப்பா?

ஒன்றரை வருடமாக வாங்கி வைத்திருக்கிறேன்:
வங்கிக் கடிதங்கள், ஒரு ஹெல்மெட்,
யாருடையதோ கல்யாணப் பத்திரிகை,
முகூர்த்தம் முடிந்தது.

இல்ல, என்றேன்.
கன்னடத்திலும் அதே சொல்தான்.
எங்கே போனார் என்று கேட்டான்.

நடுவில் இருக்கும் மனிதருக்கு போன் போட்டேன்.
ஓனரைக் கேளுங்க, என்றார்.
ஓனர் எடுக்கவில்லை.
பையன் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு
படியிலேயே நின்றான்.
கையெழுத்து போட்டேன்.