வாசனை நின்ற நேரம்

சாப்பிட்ட கையோடு உள்ளே வராதீங்க என்பார் ஸ்தனிஸ்லாஸ்.
புழுவுக்குத் தெரிந்துவிடுமாம்,
குடிகாட்டிலிருந்து காலாப்பட்டுக்குப்
பஸ் மாறி மாறி வந்தவள்
காலையில் தின்றது மொச்சையா கருவாடா என்று.

ஒரு மில்லிமீட்டர் உடம்பு.
கண் கிடையாது, காது கிடையாது.
முந்நூற்றிரண்டு நரம்பணுக்கள்,
எண்ணி முடித்துப் பேரும் வைத்தாயிற்று.
எங்கள் தெருவின் வாக்காளர் பட்டியல் இதைவிட நீளம்,
அதில் பிழைகளும் உண்டு.

அது ஒருக்களித்தே ஊர்கிறது.
நமக்கு இடம் வலமாகத் தெரிவது
அதற்கு முதுகும் வயிறும்.
தலையை அப்படி ஒரு வீச்சு, இப்படி ஒரு வீச்சு.
வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் இருக்கும்;
வேண்டியதைத் தேடிப் போகும் நடையே அதுதான்.

ஒரே நரம்பணு, ஒரே இழை.
தலை முதுகுப் பக்கம் சாய்ந்தால்
இழையில் ஒரு பாதி பச்சையாய் மினுங்கும்,
வயிற்றுப் பக்கம் சாய்ந்தால் மறு பாதி.
முகத்துவாரத்தில் எதிரெதிர் படகுகள்
டார்ச் அடித்துப் பேசிக்கொள்வதுபோல என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.
சிவப்பு மையில் அடித்தார்:
உவமை வேண்டாம். நேரம் எழுதவும்.

எழுதினேன்.
பதினொன்று ஆறு, பத்தாம் நொடி:
வாழைப்பழ வாடையுள்ள ஆல்கஹால், உள்ளே.
தலை ஆடுகிறது.
பதினொன்று ஆறு, நாற்பதாம் நொடி:
வாசனை நிறுத்தம்.
இரண்டு பாதியும் ஒன்றாய்ப் பற்றிக்கொள்கின்றன.
தலை
தயங்குகிறது.

மூக்கு நுனிவரை நீளும் ஓர் அணு இருக்கிறது.
வாசனை வீசும்வரை வாயைத் திறக்காது.
ஓய்ந்த பிறகுதான் கத்தும்.
இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள்.
என்னால் முடியவில்லை.

தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி எங்கள் வீடு.
அழுகின முட்டை; சில இரவு நெயில் பாலிஷ்;
சில இரவு பேரில்லாத ஒன்று,
பழுத்து வெடித்த பலாவுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.
பதினேழு வருஷமாய் அதற்குள்தான் தூங்குகிறோம்.
விருந்தாளி மூக்கைப் பொத்தினால்
என்ன வாசனை என்று நிஜமாகவே கேட்போம்.

போன ஐப்பசியில் ஓர் இரவு திடுக்கென்று விழித்தேன்.
சத்தமில்லை, கனவுமில்லை.
எதிர் வீட்டிலும் விளக்கு.
தெருவில் ஏழெட்டுப் பேர்
உப்பனாற்றுப் பக்கம் ஒருமுறை,
புகைபோக்கிப் பக்கம் ஒருமுறை
முகத்தைத் திருப்பித் திருப்பி.
காற்று மாறவில்லை.
வெறும் உப்பு, ஈர மண்,
யார் வீட்டிலோ அடிப்பிடித்த பால்.

ஆலைக்குள் ஏதோ நின்றிருந்தது.
உள்ளே தெய்வசிகாமணி, இரவு ஷிப்ட்.

அவர் போனை எடுக்கப் பதினான்கு நிமிடம்.
அந்தப் பதினான்கு நிமிடமும்
என் தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

"பாய்லர் நின்னுபோச்சு, அவ்ளோதான்.
எல்லாரையும் வெளியே உக்கார வெச்சிருக்காங்க.
நீ தூங்கு."

மூன்றரைக்கு அது திரும்பி வந்தது.
தெரு ஒவ்வொரு விளக்காக அணைந்தது.
நானும் தூங்கிப்போனேன், அதுதான் கேவலம்.

மறுநாள் குறிப்பேட்டில்
நேரம் மட்டும் எழுதினேன்:
இரண்டு பதினெட்டு, வாசனை நிறுத்தம்.

எந்தப் புழு என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.