நூற்றுப்பத்து வோல்ட்

அக்கா ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய பெட்டியில்
சொக்லேட், காலுறை, தலைவலிக் குளிசை,
எல்லாவற்றுக்கும் அடியில்
கண்ணாடி மூடி போட்ட ஒரு கரண்ட் சட்டி.
சதுரச் சட்டி. நான்கு குட்டிக் கால்கள்.
நூற்றுப்பத்து வோல்ட்.

"எங்கட சுவரில் நேரே குத்தினால்
ஒரேயொருக்காத்தான் சமைக்கும்" என்றார்
ரேடியோ திருத்துகிற தியோகு.
அவரே தேடித் தந்தார் ஒரு ட்ரான்ஸ்போமர்:
ஒன்பது கிலோ.
வவுனியாவில் பஸ் ஏறும்போது
சட்டி நிவேதனாவின் மடியில்,
இரும்பு என் மடியில்.
"அம்மா, நாங்கள் இதைத்தானே
சுற்றுலா கூட்டிக்கொண்டு போறம்?"

உப்புவெளியில் கிடைத்த அறைக்குக்
கடல் தெரியும், கேட்காது.
ஆனி மாதம். அலையே இல்லை.
குளத்துக்கு உப்புப் போட்டது போலக் கிடந்தது.
கரையோரக் கடையில் ஒரு தட்டு இறாலின் விலைக்கு
எங்கள் வீட்டில் ஒரு கிழமை உலை கொதிக்கும்.
பட்டியலை இரண்டு கையாலும் மூடி வைத்துவிட்டு
தண்ணீர் மட்டும் குடித்து எழும்பினோம்.

அன்று ராத்திரி
கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே அடுப்படி.
நூடுல்ஸ் இரண்டு பொட்டலம், அரைக் கோவா,
மேலே உடைத்து ஊற்றிய முட்டை மூன்று.
திருப்பியில் இருநூறு முதல் நானூறு வரை இலக்கம்.
எந்த நாட்டுச் சூடோ, தெரியவில்லை.
இருநூற்றைம்பதில் எண்ணெய் யோசிக்கிறது,
முந்நூற்றில் பேச்செடுக்கிறது,
முந்நூற்றைம்பதில் வெங்காயம் எங்களை ஏசுகிறது.
அவ்வளவுதான் நான் கற்றது.

மறுநாள் கரைவலை இழுத்த இடத்தில்
ஒரு பை சூடை.
குளிக்கிற வாளியில் கழுவி
மஞ்சள், உப்பு, கரைத்த பழப்புளி,
தேங்காய்ப்பால் மாவில் கட்டி உடையாத ஒரு பால்.
மூடினேன்.
கண்ணாடியில் வேர்வை கட்டுகிற நேரம்
மகன் சாரங்கன் கேத்தலையும் போட்டுவிட்டான்.

டக்.
அறை இருண்டது. நடை இருண்டது.
பக்கத்து அறையில் சிங்களத்தில் ஒரு குழந்தை அழ,
மேல்மாடியில் யாரோ ஜெர்மன் மொழியில் சிரித்தார்கள்.
ட்ரான்ஸ்போமருக்கு மேல் துவாயைப் போட்டேன்.
மணத்துக்கு எந்தத் துவாயைப் போட?

டோர்ச்சோடு வந்தார் மனேஜர் நஸ்லிம்.
வெளிச்சம் நேரே சட்டியில் விழுந்தது.
சட்டி இன்னும் மெல்லக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது,
கரண்ட் போனது அதற்குத் தெரியாது.
"அந்த ப்ளக் தாங்காது.
ஏசிக்கு விட்ட ப்ளக்கில குத்துங்க.
ஏசிய நிப்பாட்டிட்டு."
போகும்போது திரும்பினார்:
"பில்லில ஐந்நூறு கூட வரும்."

குளிரா, குழம்பா?
மூன்று கைகள் உயர்ந்தன.
வியர்த்து வியர்த்து
ரோஸ் பாணால் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டோம்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
ஒவ்வொன்றிலும் வாளி விட்டுத் தலையில் ஊற்றி
சாரங்கன் கத்தினான்:
"இது இருநூறு! இது இருநூற்றி இருபது!
அம்மா, இதை ஆர் திருப்பி வச்சது?"
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
எனக்கும் தெரிய ஆசைதான்.

கடைசி ராத்திரி, கணவாய்.
பிந்தினால் செருப்பாகிவிடும்,
உச்ச இலக்கத்தில் மூன்றே நிமிடம்.
அந்த நேரம் பார்த்து அக்கா எடுத்தாள்.
அங்கே அவளுக்குக் காலை,
வேலைக்கு இறங்கப் பத்து நிமிடம்.
நாலு வருசமாக அவள்
ஒரு லீவும் எடுக்கவில்லை.
போனை நிலத்தில் வைத்துவிட்டுக் கிளறினேன்.

"என்னடி இரைச்சல்? கடலே?" என்றாள்.
"கிட்டத்தான் இருக்கிறியள் போல."
பிறகு ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நிமிடம் முடிந்தது.
நாலும் முடிந்தது.
"அம்மா, கணவாய்!" என்றாள் நிவேதனா.
நான் திருப்பியைத் தொடவில்லை.