இரண்டாவது வாசல்

பணி: பஸ் தரிப்பிடம் ஒன்று.
இடம், அவரவர் விருப்பம்.

என் முதல் வரைபடத்தில் வெயிலே அடிக்கவில்லை.
கண்ணாடிச் சுவர், வெள்ளைக் கூரை,
கணினிக்குள்ளிருந்து இறக்கிய மூன்று மனிதர்
கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு
திருகோணமலைச் சித்திரையில்
பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

ஃபஸ்மியா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இவங்களுக்கு வேர்க்காதாடி?"

அடுத்த ஒரு கிழமை
கொப்பியும் அடிமட்டமுமாய்
முற்றவெளிக்கு எதிரே போய் நின்றேன்.

காலை ஒன்பதரை.
வாங்கில் வெயில் உட்கார்ந்திருந்தது.
தரிப்பிடத்தின் நிழல்
தரிப்பிடத்துக்குப் பின்னால், வாய்க்காலுக்குள் கிடந்தது.
சனம் மின்கம்பத்தின் நிழலில் நின்றது
ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவராக:
கச்சேரிக்குக் கோப்போடு போகிறவர்,
பிள்ளையின் தலையைச் சீலைத்தலைப்பால் மூடியவள்,
காலிப் பெட்டியோடு நிலாவெளி மீன்காரர்,
கடைசியில் ஒரு மான்.

தோள் அகலம் பதினெட்டு அங்குலம்.
கம்பத்தின் நிழல் ஒன்பது.
மிச்ச ஒன்பதையும் எல்லாரும் வெயிலுக்குக் கொடுத்திருந்தார்கள்.

சூரியன் ஏற
யாரும் சொல்லாமலே வரிசை
அரையடி நகர்ந்தது.
மானும்.

நான் அதை எழுதிக்கொண்டிருக்கையில்
மான் வந்து அடிமட்டத்தை மோந்தது,
பிறகு கொப்பியின் மூலையைக் கடித்து மென்றது.
'கருத்துரு' என்று தலைப்பிட்டு
மூன்று நாளாய் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த மூலை.

இரண்டாவது வரைபடத்தை
அந்த நிழலின் கோட்டிலிருந்து தொடங்கினேன்.
கூரை சரிந்தது, தாழ்ந்தது,
வாங்கு கிழக்குக்கு முதுகைக் காட்டியது.
மதிப்பீட்டில் தலையாட்டினார்கள்.
ஒருவர் மட்டும் பென்சிலால் தட்டிக் கேட்டார்:
"முன்பக்கம் முழுக்கத் திறந்துதானே கிடக்கு,
பின்சுவரில் ஏன் இன்னொரு வழி?"

காற்றுக்கு, என்றேன்.
பொய்யில்லை.
முழுதும் உண்மையுமில்லை.

அன்றிரவு பழைய கொப்பிகளைத் தரையில் பரப்பினேன்.
நூலகத்தின் வாசிப்பு மூலை,
இளநீர்க் கடை,
நுளம்புவலை போட்ட கட்டில்.
எல்லாவற்றுக்கும் இரண்டு வாசல்.
கட்டிலுக்குக்கூட.

வகுப்பில் எனக்குக் கதவோரக் கதிரை.
மூதூர்ப் படகில் எப்போதும் விளிம்பு.
நாலு வயதில் ஒரு வருசம் கூடாரத்தில் இருந்தோமாம்.
எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை,
படிவத்தில் நிரப்புகிற தகவல் அது,
பிறந்த திகதி மாதிரி.
கூடாரத்துக்கு ஒரே வாய்.
பென்சில் பிடிக்கிற கைக்கு
யார் அதைச் சொன்னது?

அந்த வழியை அழிக்கலாமென்று
அழிறப்பரை எடுத்தேன்.
வைத்தேன்.
திரும்ப எடுத்தேன்.

ஃபஸ்மியாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது
கிண்ணியாப் பாலத்துக் காற்று அவள் பேச்சில் பாதியை விழுங்கியது.
"அழிக்காத. உனக்கெண்டு வச்சா ஒளிச்சோடுற வழி,
ஆக்கள் போக வச்சா அது பாதை.
எவ்வளவு அகலம் வைக்கப்போறாய்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.
என் தோளளவுக்கே வரைந்திருந்தேன்,
ஒருத்தி மட்டும் நழுவிப் போகிற அளவுக்கு.

கொப்பியின் இடப்பக்கம் இனி அளவுகளுக்கு.
வலப்பக்கம் நான் ஏன் அப்படி வரைந்தேன் என்பதற்கு.
வலப்பக்கம் இன்னும் வெறுமைதான்,
தின்னப்பட்ட மூலையோடு.

இடப்பக்கத்தில் ஒரு வரி:
பின்வாசல் அகலம், கொம்பு இடிக்காத அளவு.

விடியப் போய் அளக்க வேண்டும்.
வாழைப்பழத் தோல் அவள் கொண்டுவருவாள்.
மான் அசையாமல் நிற்குமா என்பதுதான்
இப்போதைக்கு என் கவலை.