பதினான்கு பாகை

காக்கி புக்கிட், நான்காம் மாடி, சரிவுப்பாதை ஏறி
மூன்றாவது பட்டறை எங்களுடையது.
வந்து நின்றது டாட்சன் ஃபேர்லேடி,
எழுபத்திரண்டாம் ஆண்டு வண்டி, மாங்காய்ப் பச்சை.
குவெக் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி
"மேட்டில் கத்துகிறது" என்றார்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல்.

கத்தல் இல்லை அது.
மைலோ டின்னுக்குள் நாலு கொண்டைக்கடலை போட்டுக் குலுக்கும் சத்தம்.
மூன்றாம் கியரில், மிதி பாதி இறங்கும்போது வரும்.
நெருப்பு முந்திக்கொள்கிறது;
பிஸ்டன் இன்னும் படியேறிக்கொண்டிருக்கையிலேயே
மேலிருந்து கதவை அறைகிறது.

இதுவரை என்ன செய்தீர்கள்?
ரசீதுகளை நீட்டினார்.
பாயிண்ட் புதிது. கண்டென்சர் புதிது. காயில் இரண்டாம் முறை.
கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியவர் உபியில் இருக்கும் லிம்,
இருபது வருடப் பழக்கம்.
"அந்த ஆளோடு இப்போது பேச்சில்லை."

ரொசாலி டைமிங் விளக்கை மாட்டிப் பிடித்தான்.
சுழலும் புல்லி வெளிச்சத்தில் நின்றுபோனது.
வெள்ளைக் கோடு பத்தில், ஆடாமல் அசையாமல்.
"பத்து, கக்" என்றான்.
புத்தகம் கேட்பதும் பத்துதான்.
வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்தோம். பத்து.
டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் இரண்டும் நலம்.
ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நான்கு
என்று விரல்விட்டு எண்ணினேன்,
எல்லாக் கம்பியும் அதனதன் வீட்டில்.

மழை பிடித்துக்கொண்டது. கோப்பி ஓ ஆறிப்போனது.
வேறு ஒன்றும் தோன்றாமல்
டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பினேன்.
கோடு சுழியத்தையும் தாண்டி நாலு பாகை பிந்தியது.
அந்த இடத்தில் எந்த எஞ்சினும் இருமிச் சாக வேண்டும்.
இதுவோ
இறுகிய பெல்ட்டைத் தளர்த்தியவர் மாதிரி
நிதானமானது.

ரொசாலி என்னைப் பார்த்தான்.
நான் கோட்டைப் பார்த்தேன்.

பழைய பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டியெடுத்து
போல்ட் செருகிய தடுப்பு என் டிராயரில் உண்டு.
முதல் சிலிண்டரில் அதைத் திருகி
கிராங்கைக் கையால் வலப்பக்கம் சுற்றினேன். முட்டியது.
நகப்பூச்சால் ஒரு பொட்டு.
இடப்பக்கம். முட்டியது. இன்னொரு பொட்டு.
உச்சி என்பது இரண்டுக்கும் நட்டநடு.
நாடாவால் அளந்தேன்.
தொழிற்சாலை வெட்டிய கோடு அங்கே இல்லை.
பதினான்கு பாகை தள்ளி
ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை.
உள்ளே குடம், வெளியே வளையம், நடுவில் கொஞ்சம் ரப்பர்.
ஐம்பது ஆண்டுச் சூட்டில் ரப்பர் பிடிவிட்டு
வளையம் மட்டும் நழுவியிருக்கிறது,
கோட்டையும் தூக்கிக்கொண்டு.
விளக்கைப் பிடித்தவர் எல்லோரும் ஒழுங்காகத்தான் பிடித்தார்கள்.
லிம்மும்.

குவெக்கிடம் சொன்னேன்.
வெடித்த ரப்பரை நகத்தால் சுரண்டினார். பேசவில்லை.

நகோயாவிலிருந்து புதுப் புல்லி வர மூன்று வாரம்.
அதன் கோட்டையும் நான் நம்பவில்லை;
தடுப்பைத் திருகிப் பார்த்த பிறகே
சுழியத்தைச் சுழியம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான் அந்த வண்டிக்குச் சாலை.
மிச்சம் ஆறு. ஒன்றை இதற்குக் கொடுத்தார்.
சவுத் புவன விஸ்தா சாலையின் வளைவுகளில்
மூன்றாம் கியர், பாதி மிதி.
ஈரச் சாலையில் டயர் சத்தம். கடலை இல்லை.
கீழே போய்த் திரும்பி மறுபடி ஏறினார்.
நான் கேட்கவில்லை. அவராகவே ஏறினார்.

மேலே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல்
கைப்பேசியில் ஒரு பெயரைத் தேடினார்.
வெகுநேரம் மணி அடித்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
மரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தேன்.
மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.
"நான் குவெக்."
அதற்குப் பிறகு எஞ்சின் மட்டும்,
நிமிடத்துக்கு எழுநூறு,
ஏறாமல் இறங்காமல்.