ஒன்பது நிமிடம்

போலீஸ் வண்டி துணைக்கு வரும்வரை
தெருமுனையிலேயே நிற்கவேண்டும், எங்களுக்கு விதி.
கேப் டவுனில் இந்தப் பக்கம்
ஆம்புலன்ஸ் தனியே நுழையாது.
அன்று போலீஸ் வரவில்லை.
வந்தவன் டெல்வினோ.

பதினேழு இருக்கும்.
கழுத்தில் பச்சை குத்திய எண்
இன்னும் புண் ஆறாமல் சிவந்திருந்தது.
கண்ணாடியைத் தட்டி
"எவ்வளவு நேரம் வேணும் ஆன்ட்டி?" என்றான்.
பத்து என்றேன்.
"ஒன்பது கிடைக்கும்."
நடுத்தெருவுக்குப் போய் கையைத் தூக்கினான்.

எதிர் மாடிப்படிகளில்
மூன்று வாரமாய் அவனுக்கென்றே காத்திருந்தவர்கள்.
அவர்களும் சுடவில்லை.
எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது.

கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டைகளுக்குக் கீழே
லூஷெல் கிடந்தாள், கையிடுக்கில் ரொட்டியோடு.
ரியாஸ் எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.
ரொட்டியோடு சேர்த்தே தூக்கினோம்.

கதவைச் சாத்தும்போது கேட்டுவிட்டேன்,
கேட்டிருக்கக் கூடாது:
யாருடைய குண்டு?
"எங்களுதுதான்" என்றான்.
கண்ணைத் தாழ்த்தவில்லை. சாக்குச் சொல்லவில்லை.
முனையைத் தாண்டுகிறோம்,
பின்னால் மறுபடி தொடங்கிவிட்டது.

இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.
எப்போதும் அந்தத் தூக்கிய கையில் நிறுத்திவிடுவேன்.
தெருவிளக்கு போடுகிறோம் என்று
நகராட்சி சொல்லி நாலு வருஷம்.
இதோ வருகிறோம் என்றது போலீஸ்.
சொன்ன சொல் தவறாதவன்
அன்றைக்கு அந்தத் தெருவில் அவன் ஒருத்தன்தானே என்பேன்.
கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்,
கொஞ்சம் வெட்கத்தோடு,
டீ ஆறிப்போகும்.

கோர்ட்டில் அவன் வாய் திறக்கவில்லை.
சுட்ட கை எது என்று அவனுக்குத் தெரியும்.
அது அவனுடையதாகவும் இருக்கலாம்.
காட்டிக்கொடுக்காதவன் என்று
வெளிச்சுவரில் அவன் பெயரை எழுதினார்கள்,
ஓர் எழுத்துப் பிழையாக.

லூஷெலின் அம்மா மோடி
பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தாள்.
நான் கையைப் பற்றிக்கொண்டு,
ஆறுதல் என்று நினைத்து,
அந்த ஒன்பது நிமிடத்தைச் சொன்னேன்.
அவன் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன்.

"எங்களுதுன்னா?" என்றாள்.
"எங்கள்னா எத்தனை பேர்?
பத்தா, இருபதா?
செத்தது ஒருத்தி.
எனக்கு ஒரு பேர் போதும்.
அதைச் சொல்ல அவனுக்கு
ஒரு நிமிஷம்கூட ஆகாதே."

கையை மெல்ல உருவிக்கொண்டாள்.
கோபமாக இல்லை. பையில் கைக்குட்டை தேடினாள்.

எனக்கு இன்னும் தெரியவில்லை.
துப்பாக்கிகளுக்கு நடுவே கை தூக்கியவனும்
கூண்டில் உதட்டைக் கடித்து நின்றவனும்
ஒரே ஆள்தான். அதே கழுத்து.
ஆறிய எண்.
ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள
நானும் எத்தனையோ இரவு பார்த்தாயிற்று.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.
ஷிஃப்ட் முடிந்து தாள் நிரப்பும்போது
'துணைக்கு வந்தவர்' என்றொரு கட்டம் வரும்.
விதியை மீறியது தெரிந்தால் வேலை போகும்.
போலீஸ் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.