கட்டபெட்டில் நான்கு கொடிகள்

மீட்டர் கணக்கெடுக்கப் போகிறவளுக்கு
உச்சிவெயில்தான் வேலை நேரம்.
படம் பிடிப்பவர்கள் வெறுக்கிற வெளிச்சம்;
முகத்தில் குழி விழும், வானம் வெளுத்துப்போகும்.
காலை ஆறு மணிக்கே எடுத்து முடித்து
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.
எனக்கு அந்த ஆறு மணி கிடைத்ததில்லை.
அதனால்தான் அகச்சிவப்புக்கு வந்தேன்.
வேறு தத்துவம் ஒன்றும் கிடையாது.

கோவையில் ஜெரால்டு என்று ஒருவர்
பழைய கேமராவின் வயிற்றைத் திறந்து
சென்சாருக்கு முன்னிருந்த கண்ணாடியைக் கழற்றி
கறுப்பாய், வெயிலில் பிடித்தால் கருஞ்சிவப்பாய்
ஒரு வில்லையை வைத்து மூடிக் கொடுத்தார்.
"இனிமே நாம பாக்கறதை இது பாக்காதுங்க மேடம்"
என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்,
ஆபரேஷனுக்கு வாங்குவதைப் போல.

லென்ஸில்தான் இடறியது.
ஒன்பது மாதம் சீட்டுக் கட்டி வாங்கிய ஐம்பது,
பார்த்தவர்கள் எல்லாம் பொறாமைப்பட்ட ஐம்பது,
ஒவ்வொரு படத்தின் நடுவிலும்
வெளிறிய வட்டம் ஒன்றை வைத்தது.
துளையைச் சுருக்கச் சுருக்க
வட்டம் இன்னும் இறுகி முறைத்தது.
கேமராவோடு இலவசமாய் வந்த பிளாஸ்டிக்,
பதினெட்டு-ஐம்பத்தைந்து,
பீரோவின் அடித்தட்டில் ஒற்றைச் சாக்ஸுக்குள் கிடந்தது.
மாட்டிப் பார்த்தேன். ஒரு கறை இல்லை.
விலைச்சீட்டைப் படிக்கத் தெரியாத ஒளி.

பழகினேன்.
இலை வெள்ளை. வானம் கருங்கல்.
தேயிலைச் சரிவு உப்பளம்; சில்வர் ஓக் சோளப்பொரி.
மார்ச் மாதப் புகைமூட்டத்தைத் துளைத்து
ரங்கசாமி மலையைக் கிட்டத்தில் இழுத்துவரும்.
மூடுபனி ஏறிவிட்டால் மட்டும்
நம்மைப் போலவே கையை விரிக்கும்.
பச்சை பெயின்ட் அடித்த தகரக் கொட்டகை
செடிகளுக்கு நடுவே இருட்டாய் நின்றது ஒருநாள்.
நிறத்தை வைத்து ஏய்க்க முடியாது அதனிடம்
என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
கட்டபெட்டுக்குக் கீழே ஒரு ஹட்டியில்
பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுப் பதினோராம் நாள்.
போஜன் வீட்டு வரிசையில் நான்கு கறுப்புக் கொடி,
பின்னால் மலை, மேலே துடைத்துவிட்ட வானம்.
ரீடிங் எழுதும் முன்பே கேமராவை எடுத்துவிட்டேன்.

திரையில் மூன்று கொடி வெள்ளை.

கடைச் சாயம் அப்படித்தான்;
கண் வரைக்கும்தான் கறுப்பு.
எனக்குத் தெரியும். சொல்வதற்குள்
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் போஜன்.
"சமாதானக் கொடியா ஏத்தியிருக்கோம் நாங்க?"

நான்காவது கறுப்பாகவே இருந்தது.
யார் வீடு என்றேன்.
மாதி வீடு. துணிக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று
கோணிச் சாக்கைக் கிழித்து
அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசி
அவளே ஏறிக் கட்டினாளாம்.

"சரி, சாதாரணமா ஒண்ணு எடுங்க.
பேப்பர்காரங்களுக்கு அனுப்பணும்."
இதால் முடியாது என்றேன்.
இத்தனை பெரிய கேமராவுக்குக்
கறுப்பைக் கறுப்பாய் எடுக்கத் தெரியாதா என்று
அவர் கேட்கவில்லை. பார்த்தார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
விரிசல் விட்ட போனை உருவி
அவரே எடுத்துக்கொண்டார்:
நான்கு கொடி, நான்கும் கறுப்பு,
கொஞ்சம் ஆட்டம் கண்டு.

முன்னூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
"இதை வேற எங்கிருந்து கட்டறது" என்றார்,
என்னிடம் இல்லை, மீட்டரிடம்.

ராத்திரி படத்தைப் பெரிதாக்கினேன்.
அழிக்க மனம் வரவில்லை,
யாருக்கும் அனுப்பவும் வரவில்லை.
வெள்ளை மூன்றும் சலவைக்காரர் உதறியது போல
ஒரு சுருக்கமில்லாமல் பறக்கின்றன.
மாதியின் சாக்கில்
கரி மெலிந்த இடங்கள் தெரிகின்றன,
மேலிருந்து கீழாக,
ஐந்து விரல் அகலத்துக்கு.