முப்பத்தைந்து

கார் வாங்கின அன்றே
சாரதிப் பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன்.
ஓரம் உரிந்த வெள்ளை ஒட்டுத்தாள்.
யப்பான் எழுத்துகளின் நடுவே
எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்றுதான்:
இருநூற்று நாற்பது.
ஏற்றக்கூடிய பாரமாக்கும் என்று
கதவைச் சாத்திவிட்டேன்.
ஆறு மாதம்
கல்லடிக்கும் வவுணதீவுக்கும் இடையே
அந்த இலக்கத்தின் பக்கத்திலேயே இருந்து ஓட்டினேன்.

காத்தான்குடியில் இல்ஹாம் நானாவின் கடைப் பொடியன்
எவ்வளவு என்று கேட்கவே மாட்டான்.
நாலு சில்லுக்கும் நாற்பது.
"இறுக்கமா இருந்தாத்தான் மிஸ் பெற்றோல் மிச்சம்."
மிச்சம்தான்.
ஆனால் வலையிறவுப் பாலம் தாண்டி
முதல் குழியில் கார் துள்ள
சோற்றுப் பெட்டி மூடி கழன்று
சொதி முழுக்க இருக்கையில்.
மழை நாளில் பிரேக்கை மிதித்தால்
நினைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கும்.

"இருபத்தெட்டு போதும், கிறவல் ரோட்டுக்கு மெத்தை மாதிரி"
என்றார் மச்சான்.
அவர் ஓட்டுவது உழவு மெசின்.
மெத்தைதான், ஒத்துக்கொள்கிறேன்.
ஸ்டியரிங் கிறுகாமல் முரண்டு பிடித்தது.
மூன்று மாதத்தில்
டயரின் இரு தோளும் தேய்ந்து
நடுவில் மட்டும் புதுசு.

நுளம்புப் பிரிவுத் தேவரஞ்சன்
தரையில் குந்தியிருந்து டயரின் விலாவை வாசித்தார்.
"இந்தா, நாற்பத்துநாலெண்டு கம்பனியே போட்டிருக்கானே!"
அது டயர் தாங்கும் எல்லை.
ஒரு மனிசன் எவ்வளவு ஏச்சுத் தாங்குவான் என்பதற்காக
அவ்வளவும் ஏச வேணுமா?

விடை கிடைத்தது
எங்கள் ஆய்வுகூட மூலையில்,
ஒட்டோகிளேவ் கொதித்துக்கொண்டிருந்தபோது.
அதன் முகப்பில் இரண்டு வட்டம்.
உள்ளே இறாத்தல், வெளியே கிலோபாஸ்கல்.
முள் நின்ற இடத்தில்
பதினைந்துக்கு நேரே நூற்றுமூன்று.
ஒன்பது வருசமாய் நாளாந்தம் பார்க்கிற முள்.
சிறுநீர்ப் பரிசோதனைத் துண்டின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
இருநூற்று நாற்பது
பாரமில்லை, காற்று.
முப்பத்தைந்து.

அன்றே பேனை போல ஓர் அளவுகோல் வாங்கினேன்.
பொறுக்க முடியவில்லை.
நடுப்பகல், கச்சான் அடித்து ரோடு கொதிக்கிற நேரம்,
ஓடிவந்த கையோடு அளந்தேன். முப்பத்தொன்பது.
பின் சில்லு ஒன்று மட்டும் முப்பது.
என் அவசரத்துக்கு அதை விட்டுவிட்டு
மற்ற மூன்றிலும் நாலு நாலாய் இறக்கினேன்.
விடிய அளந்தால்
அந்த மூன்றும் முப்பத்தொன்று.

இதை நான் செய்திருக்கக் கூடாது.
காலமை ஏழு மணிக்கு
வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும்
நான் கேட்கிற முதல் கேள்வியே
"ஒண்டும் சாப்பிடாமத்தானே வந்த நீங்க?"
"ஒரு பிளேன்டீ மட்டும், மிஸ்."
"அப்ப நாளைக்கு வாங்க."
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!
ஓடிக் களைத்த டயரும்
பிளேன்டீ குடித்த ஆள்தான்.

விடியலில், ஒரு சில்லும் கிறுகாத நேரத்தில்
அந்தப் பின் இடது இருபத்தாறு.
வெறுவயிற்றில்தான் நோய் தெரிந்தது.
வால்வில் எச்சில் தொட்டு வைத்தேன்.
ஒரு குமிழி எழும்பி
யோசித்து
உடைந்தது.

இல்ஹாம் நானா வால்வை மாற்றித் தந்தார்.
"முப்பத்தைஞ்சு" என்று பொடியனிடம் சொன்னேன்.
"ஆள் கூட ஏத்திறெண்டாப் பின்னுக்கு ரெண்டு கூட்டுங்க"
என்றார் நானா,
இத்தனை நாளும் சொல்லாமல் எங்கே வைத்திருந்தாரோ.
நான் காசு கொடுத்துத் திரும்புவதற்குள்
பொடியனின் கை
பழக்கத்தில் நாற்பதுக்குப் போய்விட்டது.
ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு
இரவுச் சட்டையோடு முழங்காலில் இருந்து
ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
ஸ்ஸ்...
செவ்வரத்தைக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்த தங்கேஸ்வரி
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"என்ன கா, காத்துப் போயிற்றா?"
"இல்ல கா, கூடிற்று."
அவள் நம்பவில்லை.
பம்ப் எடுத்துவரப் போனாள்.